அத்தைக்குப் பின்னால் வந்தவள்

என் அத்தையைப் பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். நின்றுவிடுவாள். கூப்பிட்டவர் சுற்றிக்கொண்டு அவள் முகத்துக்கு முன்னால் வந்து சேரும்வரை அப்படியே நிற்பாள். தங்கச்சிமடம் கடைத்தெருவில் இதைப் பார்த்துவிட்டு, “மெடல் வாங்குனதும் கழுத்துல எலும்பு கூடிப்போச்சு போல” என்று பேசுகிறவர்கள் உண்டு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அத்தை என் அய்யாவின் கடைசித் தங்கை. சுற்றுப்பாதை சைக்கிள் போட்டியில் தேசிய அளவில் பல தடவை தங்கம் வாங்கியவள். நாட்டின் பெயர் எழுதிய பனியனைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வெளிநாடு போய் வந்தவள். இன்றைக்கு ரயில்வேயில் வேலை பார்க்கிறாள். அக்காள்மடத்தில் எங்கள் வீட்டு அலமாரியில் மாதா சுரூபத்துக்கு இடம் போதாமல் மெடல்கள் தொங்குகின்றன. அவளைப் பற்றி எழுதும் பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் ஒரு வரியைத் தவறாமல் எழுதிவிடுவார்கள்: இவர் பந்தயத்தில் ஒருபோதும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதைப் பாராட்டு என்று நினைத்துத்தான் எழுதுகிறார்கள். அந்தக் கழுத்து எப்படித் திரும்பாமல் போனது என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அதில் எனக்கும் பங்கு உண்டு.

அவள் சைக்கிளுக்குப் போனது ஒன்றும் பெரிய கதையில்லை. பாம்பன் பாலத்தைத் தாண்டி மண்டபம் பள்ளிக்கூடத்துக்கு ஆறு வருஷம் சைக்கிளில் போய் வந்தாள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்தப் பாலத்தின் மேல் ஆண்பிள்ளைகளே இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். இவள் இறங்கமாட்டாள். அதைப் பார்த்த விளையாட்டு ஆசிரியர் ஒருவர் விண்ணப்பம் எழுதிப் போட்டு விளையாட்டு விடுதியில் சேர்த்துவிட்டார். அங்கேதான் அவளுக்குப் பிரேக் இல்லாத சைக்கிளைக் கொடுத்தார்கள்.

அந்தச் சைக்கிளை முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அதற்குப் பிரேக்கும் இல்லை, மணியும் இல்லை. மிதிப்பதை நிறுத்தினாலும் மிதிகட்டை நிற்காது. சக்கரம் சுற்றுகிறவரை காலும் சுற்றியே ஆகவேண்டும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் காலால் எதிர்த்து அழுத்தி அழுத்தித்தான் குறைக்க வேண்டும். நான் ஒருநாள் அதைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுழற்றிவிட்டேன். ஆள் இல்லாமலே மிதிகட்டைகள் வெகுநேரம் மாறிமாறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு அது நிற்கிற அறைக்குள் நான் தனியாகப் போனதில்லை.

எனக்கு ஒன்பது வயதான வருஷம் அது. தவக்காலத்துக்கு முன்பு வடக்கே ஓர் ஊரில் போட்டி நடந்தது. இரண்டு இரண்டு பேராக ஓட்டும் பந்தயம். அதில் முன்னால் போகிறவளுக்குத்தான் சிரமம். பின்னால் வருகிறவள் எந்த நொடியில் பாய்வாள் என்று தெரியாது, அதனால் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டும். அத்தை முன்னால் போனாள். கடைசிச் சுற்றில் திரும்பிப் பார்த்தாள். கழுத்து திரும்பிய பக்கம் சக்கரமும் ஒரு சாண் நகர்ந்தது. ஒட்டி வந்துகொண்டிருந்த பெண்ணின் முன்சக்கரம் அதில் உரசி, அவள் மரப்பலகைப் பாதையில் தலைகுப்புற விழுந்தாள்.

விழுந்தவள் வேறு மாநிலத்துக்காரி. பயிற்சி முகாமில் அத்தையின் அறைத்தோழி. அத்தை ஊரிலிருந்து கொண்டுபோன கருவாட்டை மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்று பழகியவள். அத்தைமேல் தப்பில்லை, பந்தயத்தில் நடப்பதுதான் என்று நடுவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவள் வீட்டாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண் கண்ணைத் திறக்கவே இல்லை. மாசி போய், பங்குனி போய், சித்திரை பிறந்த பிறகும் ஆஸ்பத்திரியில் அப்படியே கிடந்தாள். அத்தைக்கோ பத்து நொடி சைக்கிள் மிதித்தால் பதினோராவது நொடி கழுத்து தானாகத் திரும்பிவிடும். அடுத்த முகாமுக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஜூன் மாதம். கழுத்தைச் சரிசெய்துகொண்டு வருவதானால் வா, இல்லாவிட்டால் வீட்டிலேயே இரு என்று கோச் சொல்லி அனுப்பிவிட்டார்.

விழுந்தவளைப் பற்றி ஒரு வரிகூட எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தை லீவில் வந்திருக்கிறாள், தேர்வில் ஜெயிக்கவில்லை என்றால் பாம்பனில் ஒரு மாப்பிள்ளை காத்திருக்கிறார், அந்தக் கல்யாணத்தில் எனக்குப் புதுப்பாவாடை உண்டு. ஆனாலும் அத்தை ஜெயிக்க வேண்டும் என்றுதான் நான் ஜெபம் சொன்னேன். பாவாடையைத் தியாகம் செய்த புண்ணியம் என் கணக்கில் இருக்கட்டும்.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அய்யாவின் குட்டியானை வண்டி சும்மா நின்றது. வருஷம் முழுவதும் மீன் ஏற்றும் வண்டி. இரண்டு மாதம் கழுவிக் காயப்போட்டாலும் பூனைகள் அதைச் சுற்றியே படுத்திருக்கும். “கழுத்துதானே? நான் சரி பண்றேன் வா” என்றார் அய்யா. தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்குப் புதிதாகத் தார்ச்சாலை போட்டு முடித்திருந்தார்கள், இன்னும் திறக்கவில்லை. ஓர் ஈ காக்காய் கிடையாது. தடுப்புக்கட்டையில் காவலுக்கு இருந்தவர் அய்யாவுக்கு ஏதோ ஒரு வகையில் மச்சான். மேற்பார்வை பார்க்கும் இன்ஜினீயர் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ராமேஸ்வரம் போய்ச் சாப்பிட்டு, ஒரு குட்டித்தூக்கம் போட்டு, இரண்டு மணிக்குத்தான் வருவார். அந்த இரண்டு மணிநேரம் சாலை எங்களுக்கு.

“உச்சி வேளையில, அதுவும் அங்கனயா?” என்றாள் அம்மா.

“வேற எந்த வேளையில மச்சான் கட்டையத் தூக்குவாரு? நீ கேட்டுச் சொல்லு” என்றார் அய்யா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அய்யாவின் வைத்தியம் இதுதான். வண்டி முன்னால் போகும். அதன் பின்பக்கத்தை ஒட்டி, காற்று மறைவில் அத்தை வருவாள். வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டு, கவிழ்த்த மீன்பெட்டியின் மேல் என்னை அத்தையைப் பார்த்தபடி உட்கார வைப்பார்கள். நான் விழுந்துவிடாமல் இருக்க அம்மா நண்டுவலைக் கயிற்றால் என் இடுப்பை வண்டிக் கம்பியோடு கட்டிவிடுவாள். அத்தை திரும்பவே கூடாது. அவளுக்குப் பின்னால் என்ன வருகிறது என்பதை நான் பார்த்துச் சொல்ல வேண்டும். காற்றில் சத்தம் கேட்காது, ஆகையால் கைதான். விரித்த கையைத் தூக்கினால் யாரோ வருகிறார்கள். மூடிய கையைக் காட்டினால் யாரும் இல்லை.

அந்தச் சைகையை நான்தான் தேர்ந்தெடுத்தேன். எங்கள் கரையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சைகை. கடலில் ஆள் காணாமல் போனால் தேடப்போன படகுகள் திரும்பும்போது, கரையில் நிற்கிறவர்கள் தூரத்திலேயே படகின் முன்முனையான அணியத்தில் நிற்பவரின் கையைத்தான் பார்ப்பார்கள். விரித்த கை என்றால் ஆள் கிடைத்துவிட்டான். மூடிய கை என்றால் இல்லை. அய்யாவின் அய்யாவைத் தேடப்போன படகுகள் மூன்று நாளும் மூடிய கையோடு வந்தன என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அந்தச் சைகையைச் சொன்னதும் அய்யா முகம் மாறி, “வேற ஏதாச்சும் வையி ஆத்தா” என்றார். “இருக்கட்டும்ணே, எனக்குப் பழகுன கைதானே” என்றாள் அத்தை.

முதல் ஐந்து நாளும் மூடிய கைதான். திறக்காத சாலையில் யார் வரப்போகிறார்கள்? வண்டிக்கு இடது பக்கம், நாங்கள் பெண்கடல் என்று சொல்லும் வடகடல் சத்தமில்லாமல் கிடக்கும். வலது பக்கம் ஆண்கடல் இரைந்துகொண்டே வரும். நடுவில் கறுப்பாக நீண்டு போகும் சாலை, வெயிலில் ஈரமாகத் தெரியும். சாலைக்குக் குறுக்கே காற்று மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பிரேக் இல்லாத சைக்கிளுக்கு மணல் எமன் என்பதால் நானும் அய்யாவும் முதலில் ஒரு நடை போய், மணல் ஏறிய இடங்களைத் தென்னை விளக்குமாற்றால் பெருக்கிவிட்டு வருவோம். அதற்குப் பிறகுதான் அத்தை ஏறுவாள். மூடிய கையை நான் காட்டக் காட்ட அவள் கழுத்து அடங்கிக்கொண்டு வந்தது. ஆனால் வேகம் வரவில்லை. அய்யா ஐம்பதைத் தொட்டால் அவள் பின்தங்கிவிடுவாள்.

ஆறாவது நாள் பார்த்தேன்.

எனக்கு ஞானக்கண் எதுவும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊனக்கண்ணே சரியில்லை. கரும்பலகையில் எழுதுவது தெரியாமல் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத்தான் அந்த வருஷம் முழுக்க எழுதினேன். பள்ளி திறந்த பிறகுதான் டீச்சர் கண்டுபிடித்துக் கண்ணாடி போடச் சொன்னார்கள். அதாவது அத்தையின் பின்னால் வருவதைப் பார்க்க எங்கள் வீட்டில் நியமித்திருந்த ஆளுக்கு இருபது அடிக்கு அப்பால் எல்லாமே கலங்கல். இடிந்த மாதா கோயில் சுவர் எனக்கு ஒரு பழுப்புத் திட்டு, அவ்வளவுதான். அந்தக் கலங்கலுக்கு நடுவே, கானல் பளபளத்த இடத்தில், சைக்கிளில் ஓர் ஆள் வருவது மட்டும் துல்லியமாகத் தெரிந்தது. தலையைத் தாழ்த்தி மிதித்துக்கொண்டு வந்த ஒரு பெண். கால்கள் சுற்றுவதுகூடத் தெரிந்தது.

கையை விரித்துத் தூக்கினேன். அத்தை வழிவிடுவதற்காகச் சாலையின் இடது ஓரத்துக்குப் போனாள். யாரும் அவளைக் கடந்து போகவில்லை. மறுபடி நான் பார்த்தபோது சாலை வெறிச்சென்று இருந்தது.

சாலை முடிகிற இடத்தில் வண்டி நிழலில் உட்கார்ந்து அத்தை தண்ணீர் குடித்தாள். “என்னத்தப் பாத்துக் கையைத் தூக்குன?”

“சைக்கிள்ல ஒரு அக்கா வந்தாக.”

“இங்கனயா?” அத்தை சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. “எந்த மாதிரி சைக்கிள்?”

“உங்க சைக்கிள் மாதிரிதான்.”

அத்தை அய்யா இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “இடது முழங்கை வெளிய தள்ளிக்கிட்டு இருந்துச்சா?”

முழங்கையை நான் கவனிக்கவில்லை. ஆனால் கேட்கிறவர் முகத்தில் என்ன பதில் எழுதியிருக்கிறதோ அதைச் சொல்லிவிடுவது சிறுவயதிலிருந்தே என் பழக்கம். அந்தப் பழக்கத்தால் ஞானோபதேச வகுப்பில் நல்ல பெயரும் கணக்கு வகுப்பில் கெட்ட பெயரும் வாங்கியிருக்கிறேன். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அத்தையின் முகம் நான் அதுவரை பார்க்காத விதமாகத் தெளிந்தது. “அய்யாட்ட சொல்லாத. அம்மாட்டயும் சொல்லாத” என்றாள். தடுப்புக்கட்டைக்குத் திரும்பி வந்ததும் தன் பங்கு சர்பத்தையும் எனக்கே ஊற்றினாள்.

மறுநாள் வண்டி வேகம் எடுத்ததும் அவள் கண் என் கைமேலேயே இருந்தது. நான் கானலைப் பார்த்தேன். ஏதோ இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கையை விரித்தேன். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். அய்யா ஐம்பதைத் தாண்டியும் அவள் விடவில்லை. அதற்கு மறுநாள் இன்னும் வேகம். “கழுத்தும் நின்னுருச்சு, காலும் வந்துருச்சு. நம்ம வைத்தியம் எப்புடி?” என்று அய்யா மீசையைத் தடவிக்கொண்டார். வைத்தியர் நான்தான் என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. அத்தை சொல்லாதே என்றிருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

இப்படியே இரண்டு வாரம் போனது. அதில் எத்தனை நாள் நிஜமாகப் பார்த்தேன், எத்தனை நாள் சும்மா கையைத் தூக்கினேன் என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. அப்போதே தெரியாது. துரத்துகிறவர்கள் நெருங்கினால் ஓடுகிறவர்கள் வேகமாக ஓடுவார்கள், கண்ணாமூச்சியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம்தானே. அதனால் ஒவ்வொரு நாளும் அவளைக் கொஞ்சம் நெருக்கமாகக் கொண்டுவந்தேன். முடிந்ததும் அத்தை விவரம் கேட்பாள். “மூச்சு வாங்குறாளா? சிரிச்சாளா? கஷ்டப்படுறாளா?” கஷ்டப்படுகிறாள் என்று ஒருநாள் சொன்னதும் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து சிரிக்கிறாள் என்று மாற்றிவிட்டேன்.

சாயங்காலமானால் அத்தை கடற்கரையில் போய் நின்றுகொண்டு யாருக்கோ போன் போட்டு அரைகுறை இந்தியில் பேசுவாள். ஒரே கேள்வி, ஒரே பதில் என்று அவள் குரலிலேயே தெரியும். பேசிவிட்டு வருகிறபோது என்னைப் பார்த்து, “அவ வாராள்ல?” என்பாள். “வாராக” என்பேன். அதற்குப் பிறகுதான் சாப்பிட உட்காருவாள்.

எனக்குப் பயம் வந்தது மூன்றாவது வாரத்தில்தான், அதுவும் அய்யாவால் வந்தது. ஓட்டம் முடிந்து திரும்பி வரும்போது, நாங்கள் பெருக்கிய இடத்தில் மறுபடி மெல்லிசாக மணல் படிந்திருந்தது. எங்கள் வண்டித் தடம் இரண்டு கோடாக இருந்தது. நடுவே அத்தையின் சைக்கிள் தடம். அதை ஒட்டி, ஒரு சாண் தள்ளி, அதேபோல் கத்திக்கீறலாக இன்னொரு தடம் போனது. “நேத்து ஓட்டுனது” என்றார் அய்யா. அந்தக் காற்றில் நேற்றைய தடம் நிற்காது என்று எனக்கே தெரியும். காவல்கார மச்சானிடம் சைக்கிள் உண்டு, ஆனால் அதன் டயர் பால்காரர் சைக்கிள் டயரைப் போல அகலம். அய்யா விளக்குமாற்றை எடுத்து அந்தத் தடத்தை மட்டும் வெகுதூரம் பெருக்கிக்கொண்டே போனார். அதற்குப் பிறகு வண்டியில் ஏறியபோதுதான் கவனித்தேன், பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடிகள் இரண்டையும் அவர் உள்பக்கமாக மடக்கி வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். “வெயில் கண்ணக் கூசுதுத்தா” என்றார்.

அம்மா கண்டுபிடித்தது தண்ணீர் பாட்டிலால். அத்தை தினமும் இரண்டு பாட்டில் நிரப்பிக்கொண்டு போவதையும், வரும்போது ஒன்றுதான் திரும்புவதையும் கவனித்து, மற்றதை அங்கே யாருக்கு வைத்துவிட்டு வருகிறாள் என்று யோசித்திருக்கிறாள். என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய் ஒரு மிரட்டல் மிரட்டினாள். மீன் செதில் கொட்டுவதைப் போல எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முழங்கை என்று சொன்னதும், விழுந்த பெண் ஓட்டும் விதத்தை அத்தை சொல்லக் கேட்டிருந்த அம்மா, பக்கத்தில் இருந்த துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் அம்மாவும் அய்யாவும் பேசியது என் காதில் விழுந்தது. “அந்தப் புள்ள இன்னும் உசுரோடதானே கெடக்கு. உசுரோட கெடக்குறவ எப்புடி வருவா?” என்றாள் அம்மா. அய்யா எதையாவது சொல்லிச் சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. “இந்த நெனப்போட தேர்வுக்குப் போனா ஒங்க தங்கச்சி உடைஞ்சு போவா. நாளைக்கு கடைசி நாளு. நாளைக்கே இத அறுக்கணும்” என்றாள் அம்மா. அவள் அத்தைமேல் உயிரை வைத்திருந்தாள். எந்த உயிரையும் எடுக்க நினைத்துச் சொன்ன வார்த்தை இல்லை அது.

அடுத்த நாள் காலையில் அம்மா என் வலது கையை வேதாகமத்தின் மேல் வைத்தாள். “இன்னைக்கு அங்கன என்ன தெரிஞ்சாலும் மூடுன கையத்தான் காட்டணும். என்ன தெரிஞ்சாலும். சொல்லு.” சொன்னேன்.

அன்று காற்றே இல்லை. ஆண்கடல்கூட இரையாமல் கிடந்தது. பெருக்குவதற்கு மணலும் இல்லை. அம்மா கயிற்றை வழக்கத்தைவிட ஒரு சுற்று அதிகமாகக் கட்டியிருந்ததால் வயிறு இறுகியது. வண்டி கிளம்பி வேகம் பிடித்தது. அத்தை என் கையைப் பார்த்தபடி வந்தாள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு ஒன்றும் தெரியக்கூடாது மாதாவே என்று வேண்டிக்கொண்டே நிமிர்ந்தேன்.

அவள் வந்துகொண்டிருந்தாள். கானலுக்குள் இல்லை, அதற்கு வெகு இப்பால். அத்தையின் பின்சக்கரத்தை ஒட்டி அவளுடைய முன்சக்கரம். இடது முழங்கை வெளியே தள்ளியிருந்தது. நான் பொய்யாகச் சொன்ன எதுவும் அவளிடம் இல்லை. சிரிக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. நெற்றியில் வேர்வை இல்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது. அவள் அத்தையைப் பார்க்கவில்லை. அத்தை எங்கே பார்த்தாளோ அங்கேயே, என் மடியில் கிடந்த கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் ஒரே மாதிரி பார்த்தார்கள்.

வேதாகமத்தின் மேல் வைத்த கை. அதைத் தூக்கி, விரல்களை மடக்கி, மூடிக் காட்டினேன்.

அத்தை நம்பாமல் ஒருமுறை புருவத்தை உயர்த்திக் கேட்டாள். மறுபடியும் மூடிய கையைக் காட்டினேன். அப்போது அவளுக்குப் பின்னால் பார்க்க எனக்குத் துணிவில்லை, அத்தையின் முகத்தை மட்டும் பார்த்தேன். அந்த முகத்திலிருந்து ஏதோ இறங்கிப் போனது. கால்கள் மிதிப்பதை விட்டுவிட்டன, சைக்கிள்தான் அவற்றைச் சுழற்றிக்கொண்டிருந்தது. வண்டிக்கும் அவளுக்கும் இடைவெளி விழுந்து, வளர்ந்து, அவள் எனக்குக் கலங்கலாகிவிட்டாள். நான் கம்பியைத் தட்டியதும் அய்யா வண்டியை நிறுத்திக் கயிற்றை அவிழ்த்தார். நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அத்தை சைக்கிளைத் தரையில் போட்டுவிட்டு, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். கடைசியாக அவள் திரும்பிப் பார்த்தது அன்றைக்குத்தான். சாலையில் யாரும் இல்லை.

சாயங்காலம் அவள் போன் போடவில்லை. போன்தான் வந்தது. மணி அடித்துக்கொண்டே இருக்க, அத்தை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அய்யா எடுத்துக் காதில் வைத்தார், இந்தி தெரியாமல் அவளிடமே நீட்டினார். “எனக்குத் தெரியும்ணே. மத்தியானமே தெரியும்” என்றாள் அத்தை. அம்மா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை. யாருக்கோ உடம்பு சரியில்லாமல் இருந்து இறந்துவிட்டார்கள் என்று மட்டும் எனக்குச் சொன்னார்கள்.

அத்தை தேர்வுக்குப் போனாள், ஜெயித்தாள். அந்த வருஷத்தின் கடைசியில் முதல் தங்கம். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பத்திரிகையில் வந்ததுதான். எந்தப் பந்தயத்திலும் அவள் கழுத்து திரும்பவில்லை. பின்னால் வருகிறவள் எந்தப் பக்கம் பாய்வாள் என்று பார்க்காமலேயே ஒருத்தி எப்படி ஜெயிக்கிறாள் என்று எதிரிகள் குழம்பினார்கள். எனக்கும் புதுப்பாவாடை கிடைத்தது, அவள் சம்பளத்தில்.

விழுந்த பெண்ணைப் பற்றி எனக்குச் சொன்னது அத்தையேதான், நான் கல்லூரியில் சேர்ந்த பிறகு. முழுவதையும் சொல்லிவிட்டு என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். “அன்னைக்கு நீ ஒருத்திதான் எனக்கு நிசத்தச் சொன்ன. வீட்டுல எல்லாரும் பொழச்சுருவா பொழச்சுருவான்னுதான் சொன்னாக. நீ கையை மூடுன பாரு, அப்பவே அவ நல்லபடியாப் போய்ச் சேந்துட்டான்னு எனக்குப் புரிஞ்சுச்சு. இல்லைன்னா நான் இன்னும் அந்த ரோட்டுலதான் கெடப்பேன்.” அவள் பிடித்திருந்த கை வேர்த்தது, அதை உருவிக்கொள்ளவும் முடியவில்லை.

இருபது அடிக்கு அப்பால் பார்வை இல்லாத ஒரு பிள்ளை, வெயிலில் கானலைப் பார்த்து எதையோ நினைத்துக்கொண்டது என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். பகலில் அது சரியாகத்தான் இருக்கிறது.

அன்றைக்கு எனக்கு ஒன்பது வயது. துரத்திக்கொண்டு வந்தவளிடமிருந்து அத்தையைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பில், வீடே அழுதுகொண்டிருக்க, நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். அத்தை அத்தனை நாளும் ஓடியது தப்பிப்பதற்காக இல்லை, முன்னால் போய் அவளைத் தன் மறைவில் கரைக்குக் கூட்டி வருவதற்காக என்று எனக்குத் தெரியாது. கரை வந்து சேர்ந்துவிட்டேனா என்று கேட்டு, அத்தையின் பின்னாலிருந்து என் கையைப் பார்த்தவளுக்கு, இல்லை என்று சொன்னது நான்தான் என்றும் தெரியாது.